பென் ஜான்சன்னா எந்த பென் ஜான்சனுங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரியோணும்

கேட்டவர்: நூலகத் திண்ணை, பெருந்துறை

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கூருக் கிளை நூலகத்துல ஞாயித்துக்கிழமையானா பசங்களுக்கு வினாடி வினா நடத்தறோம். கேள்வியைப் பசங்களே சீட்டுல எழுதி டப்பாவுல போடுவாங்க, நான் எடுத்துப் படிப்பேன். போன வாரம் ஒரு சீட்டு வந்துச்சு. "பென் ஜான்சன் யார்?" அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு.

பசங்க யாரும் வாயைத் திறக்கல. பெரியவங்கதான் ஆரம்பிச்சாங்க. பேப்பர் படிக்க வர்ற தறிக்காரண்ணன், "ஒலிம்பிக்ஸ்ல ஊசி போட்டுட்டு ஓடி மாட்டுனானே, அவன்தான்"னாரு. கோபியில பி.ஏ. இங்கிலீஷ் படிக்கற பொண்ணு ஒண்ணு, "இல்லீங்கண்ணா, அவரு ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர், எங்களுக்குப் பாடத்துலயே இருக்குது"ன்னுச்சு. மூலையில உக்காந்திருந்த பெரியவரு ஒருத்தரு திருப்பூர்ல தியேட்டர் ஆபரேட்டரா இருந்தவரு. புரொஜக்டர்ல வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிஞ்ச காலத்து ஆளு, இன்னிக்கும் பேசறப்ப ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பேசுவாரு. அவரு, "அட போங்கப்பா, அவன் குதிரை மேல வர்ற நடிகன். எத்தனை கௌபாய் படம் நானே ஓட்டியிருக்கறேன்"னு எந்திரிச்சுட்டாரு.

அப்பறம் நூலகம் சந்தைக்கடையாயிருச்சு. மார்க்கு யாருக்கும் குடுக்கல. சீட்டு எழுதுன பையனைக் கேட்டா, "எனக்கே தெரியாதுங்க, எங்க அப்பிச்சி எழுதச் சொன்னாருங்க"ன்னுட்டான்.

இப்ப எனக்குத் தெரிய வேண்டியது இதுதானுங்க. மூணு பேரும் வேற வேற ஆளா, இல்ல ஒரே ஆளு நாடகமும் எழுதி நடிச்சும் இருக்கறாரா? மூணும் வேற வேறன்னா கேள்வியை எப்படிப் போட்டா அடிதடி இல்லாம இருக்கும்? இங்கிலீஷ்ல எழுத்து வித்தியாசம் இருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. தமிழ்ல எழுதினா எல்லாமே பென் ஜான்சன்தானே?


பதில்: சென்னிமலைத் தறி

அண்ணா, மூணு இல்லீங்க, தேடிப் பார்த்தா ஒரு தறிப் பட்டறைக்கே ஆளு சேர்க்கலாம். சிகாகோ பேர்ஸ்னு அமெரிக்க ஃபுட்பால் டீம், அதுக்கு 2025ல தலைமைக் கோச்சா வந்தவரு ஒரு பென் ஜான்சன். வெஸ்ட் ஹாம்ல ஆடிட்டு 2024ல இப்ஸ்விச் டவுனுக்குப் போன கால்பந்துக்காரரு இன்னொருத்தரு. ஊரு ஊரா, கட்டடம் கட்டடமா ஜன்னல் முதக்கொண்டு எண்ணி வரையற பிரிட்டன் ஓவியர் ஒருத்தரும் இருக்கறாரு.

ஆமா, டிக்‌ஷனரி எழுதுன ஜான்சனும் இவருதானே? அந்த நாடகக்காரரு?


பதில்: தாராபுரத்து டீச்சர்

சென்னிமலைத் தம்பி, டிக்‌ஷனரிக்காரரு சாமுவேல் ஜான்சன் கண்ணு. அகராதி வந்தது 1755ல. நாடகக்காரர் செத்து நூறு வருசத்துக்கு மேல ஆனதுக்கப்பறம். ரெண்டு பேரும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துலதான் அடக்கம், அதோட சரி. முப்பது பேப்பர் திருத்துனா அஞ்சு பேப்பர்லயாவது இந்த ரெண்டு ஜான்சனையும் ஒட்டுக்கா போட்டு ஒரு ஆளாக்கி வெச்சிருப்பாங்க. அதனால உன்னை வெய்யறதுக்கில்ல.

இப்ப பெருந்துறைத் தம்பி கேட்டதுக்கு வர்றேன். உங்க நூலகத்துல பேசுன மூணு பேரும் சரிதான். மூணும் தனித்தனி ஆளு. இங்கிலாந்து நாடக ஆசிரியர் (1572-1637), அமெரிக்க நடிகர் (1918-1996), கனடாவுக்காக ஓடுனவரு (1961ல பிறந்தவரு, ஜமைக்காக்காரர்). ஓட்டக்காரர் பத்தி இங்க வேற யாராவது எழுதட்டும், எனக்கு அந்த நியாயம் அவ்வளவா வராது. மத்த ரெண்டு பேரையும் நான் சொல்றேன். சித்தெ நீளமாப் போகும், பொறுத்துக்கோணும்.

முதல்ல நாடகக்காரரு. பாடப்புத்தகத்துல இவரை 'நகைச்சுவை நாடகத்தின் இலக்கண ஆசான்' மாதிரி கஞ்சி போட்ட சட்டையோட நிக்க வெச்சிருவாங்க. அசல் ஆளு அப்படி இல்ல. அப்பா இவரு பிறக்கறதுக்கு முந்தியே போயிட்டாரு. வளர்த்த அப்பா கொத்தனார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கூடத்துல வில்லியம் கேம்டன்னு ஒரு நல்ல வாத்தியார் கிடைச்சதால லத்தீன், கிரேக்கமெல்லாம் வந்துச்சு. ஆனாலும் காலேஜுக்குப் போக வழியில்லாம கரண்டி பிடிச்சுச் செங்கல் அடுக்கற வேலைக்குத்தான் போனாரு. பின்னாடி நெதர்லாந்துப் பக்கம் பட்டாளத்துல சேர்ந்து, ரெண்டு படையும் பார்த்துட்டு நிக்க எதிரி ஆளு ஒருத்தனைத் தனியாப் போட்டுச் சாய்ச்சேன்னு அவரே சொல்லிக்கிட்டது உண்டு. எதிரிகள் கடைசி வரைக்கும் 'செங்கல்காரன்'னு குத்திக் காட்டுனாங்க.

1598தான் அவரு வாழ்க்கையில ரெண்டு பக்கமும் வெட்டுன வருசம். 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' நாடகம் அரங்கேறி ஊரே பேசுச்சு. அதுல நடிச்சவங்க பட்டியல்ல ஷேக்ஸ்பியர் பேரே இருக்குது. அதே வருசம் செப்டம்பர்ல கேப்ரியல் ஸ்பென்சர்ங்கற நடிகரை வாள் சண்டையில கொன்னுட்டாரு. கொலைக் கேசு. தூக்குத்தான். எப்படித் தப்பிச்சாரு தெரியுமா? லத்தீன் படிச்சுக் காட்டி! அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டத்துல ஒரு சந்து இருந்துச்சு. லத்தீன் பைபிள்ல இருந்து துதிப்பாட்டு வசனம் ஒண்ணைப் படிச்சுக் காட்டுனா 'பாதிரிமாருக்கான சலுகை'ன்னு முதல் தடவை கழுத்தை விட்டுருவாங்க. இவரு படிச்சாரு, பொழைச்சாரு. ஆனா இருந்த பொருளெல்லாம் பறிமுதல். மறுக்கா அதே சலுகை கேட்டு வந்துரக் கூடாதுன்னு கட்டைவிரல்ல சூடு போட்டு அனுப்பினாங்க. எங்க கிளாஸ்ல இதைச் சொன்னா கடைசி பெஞ்சு நிமிரும். படிப்பு உசுரைக் காப்பாத்தும்னு அதுக்கப்பறம் நான் தனியாச் சொல்ல வேண்டியதில்ல.

ஜெயிலு அவருக்குப் புதுசும் இல்ல. முந்துன வருசம் 1597லயே ஒரு நாடகத்துல அரசாங்கத்தை நக்கல் பண்ணீட்டாங்கன்னு உள்ள போட்டாங்க. 1605ல ஸ்காட்லாந்துக்காரங்களைக் கிண்டல் பண்ணுன நாடகத்துக்காக மறுபடியும். இத்தனைக்கும் அப்ப அரசரே ஸ்காட்லாந்துக்காரரு. அதே அரசர் ஜேம்ஸ்தான் 1616ல இவருக்கு வருசா வருசம் உதவித்தொகை எழுதிக் குடுத்தாரு. அந்த 1616லதான் தன்னோட நாடகங்களையும் கவிதைகளையும் ஒட்டுக்கா சேர்த்துப் பெரிய அளவு புத்தகமா, 'வொர்க்ஸ்'னு பேரு வெச்சுப் போட்டாரு. நாடகத்தைப் போயி இலக்கியம்னு அச்சடிக்கறானேன்னு சனம் சிரிச்சுச்சு. ஏழு வருசம் கழிச்சு 1623ல ஷேக்ஸ்பியர் நாடகங்கள் அதே மாதிரி பெரிய புத்தகமா வந்தப்ப முகப்புல வாழ்த்துக் கவிதை எழுதுனதும் இவருதான். ஷேக்ஸ்பியரை ஒரு காலத்துக்கு மட்டுமில்ல, எல்லாக் காலத்துக்குமான ஆளுன்னு தூக்கி வெச்சதும், அவருக்கு லத்தீன் கொஞ்சம், கிரேக்கம் அதை விடக் கொஞ்சம்னு கொட்டு வெச்சதும் அந்த ஒரே கவிதையிலதான். எனக்கு இவரைப் பிடிக்கறதே இதுக்காகத்தான். மனசார மெச்சறப்பவும் வாத்தியார் புத்தி விடாது.

1618ல லண்டன்ல இருந்து எடின்பரோவுக்கு நடந்தே போனாரு. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல. தைப்பூசத்துக்கு ஈரோட்டுல இருந்து பழனிக்கு நடக்கறவங்க நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கே கால்ல எண்ணெய் தேய்ச்சுட்டுக் கெடப்பாங்க. இவருக்கு அப்ப வயசு நாப்பத்தஞ்சைத் தாண்டிருச்சு, உடம்பும் நல்ல பாரி உடம்பு.

நாடகத்துல ஒண்ணு மட்டும் படிக்கறதுன்னா 'தி அல்கெமிஸ்ட்' (1610) படிக்கச் சொல்லுங்க அந்தப் பொண்ணை. பிளேக்குக்குப் பயந்து எசமான் ஊரை விட்டுப் போயிடறாரு. வேலைக்காரன், கூட ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு, அந்த வீட்டுலயே உக்காந்து ஈயத்தைத் தங்கமாக்கித் தர்றோம்னு ஊரை ஏமாத்தறான். ஈமு கோழி காலத்துல நம்ம பக்கம் எத்தனை பேரு பணம் கட்டிட்டு நின்னாங்கன்னு பார்த்தவங்களுக்கு இது நானூறு வருசத்துக்கு முந்துன கதையாவே தெரியாது.

இனி நடிகர். பெரியவர் சொன்னது அத்தனையும் நெசம். ஓக்லஹோமாவுல மாட்டுப் பண்ணைக்காரங்க வீட்டுப் பையன். அவங்க அப்பா பேரும் பென் ஜான்சன்தான், கயிறு வீசி மாடு பிடிக்கறதுல பேர் போனவரு! நம்ம பக்கம் அப்பாரு பேரைப் பேரனுக்கு வெச்சு ஒரு தலைமுறை தாண்டிப் போவோம், அவங்க தாண்டறதே இல்ல. இவரு சினிமாவுக்குப் போனது நடிக்கறதுக்கில்ல. ஹோவர்ட் ஹியூஸ்ங்கற ஹாலிவுட் தயாரிப்பாளர் ஒரு படத்துக்குக் குதிரை வாங்கினாரு. அதுகளைக் கொண்டு போயி விடற ஆளாப் போனாரு. அங்க கிடைச்ச கூலி பண்ணைக் கூலியை விட எச்சா இருக்கவும் அங்கயே தங்கிட்டாரு. குதிரை பார்த்துக்கறது, நடிகர்களுக்குப் பதிலா விழறது, இதுதான் பல வருசம் வேலை. அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பியில குதிரை கொண்டு வர்றவங்களைக் கிட்டத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? கயித்தை இழுக்க மாட்டாங்க, கழுத்துல கையை வெச்சுட்டு அதுகூடவே நடப்பாங்க. இவரு திரையில குதிரைகிட்ட வர்ற விதம் அப்படியே அதுதான்.

ஒரு படப்பிடிப்புல வண்டிக் குதிரைக மிரண்டு ஆளுகளோட ஓட ஆரம்பிச்சிருச்சு. இவரு தன் குதிரையை விரட்டிப் போயி நிறுத்திட்டாரு. அதைப் பார்த்த டைரக்டர் கையோட நடிகனா ஒப்பந்தம் போட்டாரு. அந்த டைரக்டர் பேரு ஜான் ஃபோர்டு.

இங்கதான் தம்பி உங்க வினாடி வினாவுக்குச் சக்கரைக்கட்டி இருக்குது. நாடகக்கார பென் ஜான்சன் காலத்துலயே லண்டன்ல இன்னொரு நாடக ஆசிரியர் இருந்தாரு. 1586ல பிறந்தவரு. அவரு பேரும் ஜான் ஃபோர்டு! ஆக, லண்டன் மேடையில ஒரு ஜான்சன், ஒரு ஃபோர்டு. முந்நூறு வருசம் கழிச்சு ஹாலிவுட்ல ஒரு ஜான்சன், ஒரு ஃபோர்டு. டைரக்டருக்கு வீட்டுல வெச்ச பேரு ஃபீனி, சினிமாவுக்கு வந்துதான் ஃபோர்டு ஆனாரு.

1953ல இந்த நடிகர் படத்தையெல்லாம் ஒரு வருசம் ஓரம் கட்டிட்டு, குதிரை, மாடு வெச்சு நடத்தற ரோடியோப் போட்டிக்குப் போயி, ரெண்டு பேரு சேர்ந்து கயிறு வீசற போட்டியில உலகச் சாம்பியன் ஆனாரு. 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' (1971) படத்துக்குத் துணை நடிகர் ஆஸ்கார். படம் முழுக்கச் சேர்த்து இவரு வர்றது பத்து நிமிசத்துக்குள்ளதான். வசனம் நெம்ப, அதுலயும் கெட்ட வார்த்தைன்னு முதல்ல மாட்டேன்னாராம். ஜான் ஃபோர்டே பேசித்தான் ஒத்துக்க வெச்சாரு. டெக்சாஸ்ல ஒரு சின்ன ஊரு, அதுல தியேட்டர் மூடற கதை. இவருதான் தியேட்டர் ஓனர். உங்க ஆபரேட்டர் பெரியவருக்கு அந்தப் படத்தை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.


பதில்: கிரவுண்டு மாஸ்டர், கோபி

ஓட்டக்காரரை நான் எடுத்துக்கறேனுங்க டீச்சரம்மா.

'ஊசி போட்டு மாட்டுனவன்'னு ஒரே வரியில முடிச்சுடறது எனக்குச் சம்மதமில்லீங்க. தப்பு தப்புத்தான், அதுல ரெண்டு பேச்சில்ல. ஆனா முழுசாத் தெரிஞ்சுக்கோணும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர்ல வெண்கலம், ரிலேவுல இன்னொரு வெண்கலம். அந்த ரெண்டும் இன்னிக்கும் அவரு பேர்லதான் இருக்குது. 1987ல ரோம்ல 9.83 செகண்டு, உலக ரெக்கார்டு. 1988 செப்டம்பர் 24, சியோல், 9.79. கோட்டைத் தொடறதுக்கு முந்தியே வலது கையைத் தூக்கி விரலைக் காட்டிட்டு ஓடுனாரு பாருங்க, அதுலயே நேரம் போச்சு. மூணு நாள்ல சோதனை முடிவு வந்துருச்சு. ஸ்டானோசோலால், ஸ்டீராய்டு வகை ஊக்கமருந்து. மெடலைப் பிடுங்கி 9.92ல ரெண்டாவதா வந்த கார்ல் லூயிஸுக்குக் குடுத்தாங்க. 1989ல கனடா அரசாங்கம் நீதிபதியைப் போட்டு விசாரிச்சப்ப அவரே ஒத்துக்கிட்டாரு. ரோம் ரெக்கார்டையும் அழிச்சுட்டாங்க. 1993ல மறுபடியும் சிக்கி ஆயுள் தடை.

அந்த ஃபைனல்ல ஓடுன மத்தவங்கள்லயும் சில பேரு பின்னாடி ஊக்கமருந்து விவகாரத்துல மாட்டுனாங்க. ஊரு ஞாபகம் வெச்சிருக்கறது ஒருத்தரைத்தான். இதே 9.79ஐ முறைப்படி ஒருத்தரு ஓட 1999 ஆச்சு, மாரிஸ் கிரீன், ஏதென்ஸ்ல.

எங்க பசங்களுக்கு நான் காட்டறது அவரோட ஸ்டார்ட்டைத்தான். மத்தவங்க, கிளம்பறப்ப காலை ஊனற பிளாக்குல இருந்து ஒரு கால் ஒரு காலா எடுத்து வைப்பாங்க. இவரு ரெண்டு காலும் ஒட்டுக்கா மேல வந்து முன்னாடி பாய்வாரு. சுண்ணாம்புக் கோடு போட்ட மண்ணு டிராக்குல எங்க பையன் ஒருத்தன் அதைப் பண்ணிப் பார்த்து மூஞ்சி மண்ணாயிட்டான். அதுக்குத் தொடையில பலம் வேணும். அந்தப் பலம் எங்கிருந்து வந்துச்சுங்கறதுதான் கேசே.

வினாடி வினாவுல கேக்கறதா இருந்தா "1988 சியோல் 100 மீட்டர் தங்கம் கடைசியில யாருக்கு?"ன்னு கேளுங்க. பாதிப் பேரு பென் ஜான்சன்னே எழுதுவாங்க.


பதில்: நூலகத் திண்ணை, பெருந்துறை

டீச்சரம்மா, மாஸ்டர், நெம்ப நன்றிங்க. ஆபரேட்டர் பெரியவருகிட்ட டீச்சர் எழுதுனதைப் படிச்சுக் காட்டுனேன். ஜான் ஃபோர்டு பேரு வந்ததும், "ஆமா, டைட்டில்ல பார்த்திருக்கறேன்"னு எந்திரிச்சு நின்னுட்டாரு. தறிக்காரண்ணன்தான், "சரி, அப்ப என்ற மார்க்கு?"ன்னு கேட்டுட்டே இருக்கறாரு.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. இங்கிலீஷ் எழுத்து வித்தியாசத்தை வெச்சு ஆளைப் பிரிக்கலாமா? நாடகக்காரருக்கு நடுவுல 'எச்' இல்ல, மத்தவங்களுக்கு இருக்குதுன்னு அந்தப் பொண்ணு சாதிக்குது. அதையே ஒரு கேள்வியாப் போட்டுடலாமா?


பதில்: தாராபுரத்து டீச்சர்

போடாதீங்க தம்பி, வம்புல மாட்டிக்குவீங்க. 'எச்' இல்லாம எழுதுனது நாடகக்காரரே விரும்பி வெச்சுக்கிட்டது, அது சரிதான். ஆனா அவரு கல்லறையில போயிப் பாருங்க. 'ஓ அபூர்வ பென் ஜான்சனே'ன்னு ஒரே வரி. அதுல 'எச்' இருக்குது! கல்லு வெட்டுனவனுக்குப் பதினெட்டு பென்ஸ் கூலி குடுத்து ஒரு நண்பர் வெட்ட வெச்சாரு. அப்ப எழுதற முறை ஆளுக்கொரு மாதிரிதான். ஆக எழுத்தை நம்பி மார்க்குப் போட முடியாது.

அந்தக் கல்லறையைப் பத்தியே கேளுங்களேன். அவரை நிக்க வெச்சுப் புதைச்சிருக்காங்க. பெரிய இடம் வேண்டாம், பதினெட்டு அங்குலச் சதுரம் போதும்னு அவரே கேட்டாருன்னு கதை சொல்லுவாங்க. கதையோ என்னமோ, நின்னது நெசம். 1849ல பக்கத்துல வேற ஒரு குழி வெட்டறப்ப காலெலும்பு ரெண்டும் மணல்ல நட்டக்குத்தலா நின்னதைப் பார்த்திருக்காங்க.

ஆளைப் பிரிக்கறதுக்கு நம்ம பழக்கமே போதும். தோட்டத்துப் பேரையோ தொழிலையோ முன்னால போடாம யாரு இங்க வெறும் பழனிசாமியைக் கூப்பிடறோம்? அப்படியே கேள்வியிலயும் தொழிலை முன்னால போடுங்க. 'ஆஸ்கார் வாங்கிய பென் ஜான்சன் அதற்கு முன் எந்தப் போட்டியில் உலகச் சாம்பியன்?' 'லத்தீன் வாசித்துத் தூக்கிலிருந்து தப்பிய பென் ஜான்சன் யாரைக் கொன்றார்?' மாஸ்டர் சொன்ன சியோல் கேள்வி மூணாவது. நாலாவதுக்கு ரெண்டு ஜான் ஃபோர்டு.

பசங்களுக்கு இது தூரத்து விசயமாத் தெரிஞ்சா நம்மூரையும் ரெண்டு கோத்து விடுங்க. சூலூர்ப் பக்கம் காசிகவுண்டன்புதூர்ல 1941ல பிறந்த பழனிசாமி எந்தப் பேர்ல நடிகரானாரு? (சிவகுமார். முன்னாள் முதலமைச்சர் எடப்பாடியாரும் பழனிசாமி.) பொள்ளாச்சிச் சுப்பிரமணியம் 1998ல பாரத ரத்னா வாங்குனாரு, உடுமலைப் பக்கத்துச் சுப்பிரமணி ஊரையே சிரிக்க வெச்சாரு, ரெண்டு பேரும் யாரு? (பசுமைப் புரட்சி சி.எஸ்.ஸும் நம்ம கவுண்டமணியும்.)

தறிக்காரண்ணனுக்கு மார்க்கு குடுத்துருங்க. மத்த ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். சீட்டு எழுதச் சொன்ன அந்த அப்பிச்சி எந்த பென் ஜான்சனை நினைச்சுட்டு எழுதச் சொன்னாருன்னு விசாரிச்சு இங்க ஒரு வரி போடுங்க. எனக்கென்னமோ இங்க சொன்ன ஆறு பேரும் இல்லாம ஏழாவதா ஒருத்தரு இருப்பாருன்னு படுது.